கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும் பட்ஜெட்

"மக்களிடம் கருத்துக் கேட்டோம்" என்ற வரி இல்லாத உள்ளாட்சி பட்ஜெட் அறிக்கை இப்போது அரிது. கூட்டம் நடந்திருக்கும். கையெழுத்துத் தாள் இருக்கும். படங்களும் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு போட்ட வடிகால் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் நின்றது என்று வரைபடத்தில் பாருங்கள். முன்பு எங்கே நின்றதோ, பெரும்பாலும் அங்கேயேதான் நிற்கும். அந்த எல்லைக்கு அப்பால் குடியிருப்பவர்கள் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாததால் இப்படி ஆனது என்று பலரும் நினைக்கிறார்கள். கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் வந்து உட்காரும்போது நான்கு விஷயங்கள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்: மக்கள் முடிவுக்கு விடப்படும் பணம் எவ்வளவு, எந்த வகை வேலையைக் கேட்கலாம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுவது, துறைகள் கோரிக்கை அனுப்பக் கடைசி நாள் எது. இந்த நான்கிலும் விளிம்புநிலை மக்களுக்குக் குரல் இல்லையென்றால், கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேச விட்டாலும் பலன் சொற்பம்தான். அதனால் பங்கேற்பு பட்ஜெட்டை, அதாவது உள்ளாட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முடிவு செய்யும் முறையை, நடத்த விரும்பும் உள்ளாட்சி உறுப்பினர்களும் அதிகாரிகளும் அமைப்புகளும் விதி எழுதும் மேசையில் தொடங்க வேண்டும். மண்டபம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் நாள்காட்டி. நிதியாண்டு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அவையில் பட்ஜெட்டை வைப்பது ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. துறைகள் கேட்டதை நிதிப் பிரிவு வெட்டிச் சுருக்குவது அதற்கும் இரண்டு மாதம் முன்பு. பொறியாளர்கள் எஸ்டிமேட் போடுவது அதற்கும் முன்பு. ஆக, ஒரு புதிய வேலை பட்ஜெட்டுக்குள் நுழைய வேண்டுமானால், குறைந்தது ஏழு மாதத்துக்கு முன்பே அது காகிதத்தில் இருக்க வேண்டும். பொது விசாரணை என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் கடைசி மாதத்தில் நடக்கின்றன. அப்போது வருகிறவர்கள் அச்சான பட்டியலை வாசித்துக் கேட்கலாம், ஆட்சேபம் பதிவு செய்யலாம். ஒரு வரியைக்கூட நகர்த்த முடியாது. விவரம் தெரிந்தவர்களும் செல்வாக்கு உள்ளவர்களும் எஸ்டிமேட் போடும் மாதத்திலேயே பொறியாளரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நடைமுறையில் சரிப்படும் கால வரிசை இது: ஒன்பது மாதம் முன்பு, போன ஆண்டு வேலைகளின் கணக்கைப் பகுதிவாரியாக வெளியிடுவது, எட்டாவது மாதம் சிறு குழுக் கூட்டங்கள், ஏழாவது மாதம் பகுதிக் கூட்டங்கள், ஆறிலும் ஐந்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த பேராளர்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து எஸ்டிமேட் தயாரிப்பது, நான்காவது மாதம் வாக்கெடுப்பு, மூன்றாவது மாதம் நிதிப் பிரிவுக்கு. இதை மூன்று மாதத்தில் சுருக்கி முடிக்கப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சிறு குழுக் கூட்டங்களைத்தான் வெட்டுகிறார்கள். விளிம்பில் இருப்பவர்கள் வாய் திறக்கும் ஒரே இடம் அதுதான். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தொடக்க விழாவை வெட்டுங்கள்.

பணத்தின் அளவை முதல் நாளே எண்ணாகச் சொல்லிவிட வேண்டும். மூலதனச் செலவில் (கட்டடம், குழாய் போன்ற நிலையான வேலைகளுக்கான செலவில்) எத்தனை சதவீதம் மக்கள் முடிவுக்கு, அது எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது, முந்தைய ஆண்டு அதில் எவ்வளவு செலவாகாமல் திரும்பியது, இந்த மூன்றும் சுவரில் இருக்க வேண்டும். பாரிஸ் 2014-இல் தன் முதலீட்டுச் செலவில் 5 சதவீதத்தை ஒதுக்கி, 2020 வரைக்கும் 50 கோடி யூரோ என்று அறிவித்தது. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு இறக்கிவிட்டது. அதில் 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று விதியும் வந்தது. இரண்டு முறைகளும் வெவ்வேறு. தொகை முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். தொகை தெரியாத கூட்டம் மனு கொடுக்கும் கூட்டமாகவே முடியும்.

இன்னொரு கண்ணி, ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு. "ஒரு முன்மொழிவு மொத்தத் தொகையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்று விதி வைப்பார்கள். பலருக்கும் பரவலாகக் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் பூங்கா இருக்கை, சுவர் ஓவியம், நூலக அலமாரி போன்றவைதான் அந்த வரம்புக்குள் அடங்கும். ஏற்கெனவே தண்ணீரும் வடிகாலும் கிடைத்த பகுதி கேட்கிற பொருள்கள் அவை. எதுவும் இல்லாத பகுதி கேட்பது ஒரு கிளைக் கழிவுநீர்க் குழாய். அது வரம்பை மீறும், முதல் சல்லடையிலேயே விழும். அதனால் உச்சவரம்பு வைப்பதாக இருந்தால் அடிப்படை வசதிக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும், அல்லது ஒரு வேலையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் கேட்க அனுமதி வேண்டும்.

நடைமுறைச் செலவு பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடம் மூலதனச் செலவு. அதைத் திறந்து வைக்கும் ஊழியரின் சம்பளம் வேறு தலைப்பு. மக்கள் முடிவுக்கு மூலதனத் தொகையை மட்டும் விட்டால், குழந்தைகள் காப்பகம் கட்டுவார்கள், ஆயா இருக்க மாட்டார். ஏழைப் பகுதிகள் கேட்பவற்றில் பெரும்பகுதி ஆள் வேண்டிய சேவைகள்: செவிலியர், துப்புரவுப் பணியாளர், மொழிபெயர்ப்பாளர். எனவே ஒவ்வொரு முன்மொழிவிலும் "ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவு, அதை ஏற்கும் துறை" என்ற கட்டத்தை நிரப்பாமல் வாக்குக்கு விடக் கூடாது. நிரப்புவது துறையின் வேலை. முன்மொழிந்தவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

பங்கைக் கணக்கிடும் சூத்திரம்

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியபோது உலகம் கவனித்தது அதன் பெரிய கூட்டங்களை. ஆனால் பணத்தைத் திருப்பிவிட்டது கூட்டத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறு கணக்கு. நகரம் 16 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு பகுதிக்கு மூன்று அளவுகோல்களில் மதிப்பெண்: அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு, மக்கள்தொகை எவ்வளவு, அந்தப் பகுதி மக்கள் அந்த வேலைக்குக் கொடுத்த முன்னுரிமை என்ன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. எடைகளை மக்கள் பேராளர்கள் இருந்த பட்ஜெட் மன்றமே விவாதித்து மாற்றிக்கொள்ளலாம். அதிகாரி மனம் வைத்தால் கிடைக்கும் என்ற நிலை போய், கணக்குப் போட்டால் கிடைக்கும் என்ற நிலை வந்தது.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. வடிகாலுக்கு 100 அலகு பணம். 'அ' பகுதியில் 60,000 பேர், 10 சதவீத வீடுகளுக்கு வடிகால் இல்லை. 'ஆ'-வில் 30,000 பேர், 40 சதவீத வீடுகளுக்கு இல்லை. 'இ'-யில் 10,000 பேர், 80 சதவீத வீடுகளுக்கு இல்லை. ஆள்கணக்குப்படி மட்டும் பிரித்தால் 60, 30, 10.

இப்போது குறைபாட்டுக்கு எடை 4, மக்கள் முன்னுரிமைக்கு 5, மக்கள்தொகைக்கு 2 என்று வைப்போம். மதிப்பெண் உச்சம் 4. 'அ'-வுக்குக் குறைபாட்டில் 1, முன்னுரிமையில் 1 (அவர்கள் வடிகாலை நான்காவதாகத்தான் கேட்டார்கள்), மக்கள்தொகையில் 4: 4+5+8, ஆக 17. 'ஆ'-வுக்கு 2, 3, 2: 8+15+4, ஆக 27. 'இ'-க்கு 4, 4, 1: 16+20+2, ஆக 38. மொத்தம் 82. பணம் ஏறக்குறைய 21, 33, 46 என்று பிரியும். பத்து அலகு கிடைத்திருக்க வேண்டிய பகுதிக்கு நாற்பத்தாறு. கூட்டத்தில் யார் உரக்கப் பேசினார்கள் என்பதை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. வடிகால் இல்லாத ஆட்களைத் தலை எண்ணிப் பாருங்கள்: 'அ'-வில் 6,000, 'ஆ'-வில் 12,000, 'இ'-யில் 8,000. தலைக்கணக்குப்படி பிரித்தால் 23, 46, 31. அதாவது குறைபாட்டைச் சதவீதத்தில் மட்டும் அளந்தால் 'ஆ' நஷ்டப்படுகிறது. எது சரி? இரண்டையும் சுவரில் எழுதி, எடை எவ்வளவு என்பதை மக்கள் பேராளர்களே முடிவு செய்யட்டும் என்பது என் கருத்து. நிதிப் பிரிவு ஒரு மூலையில் உட்கார்ந்து தீர்மானிக்கும் விஷயமாக அது இருக்கக் கூடாது.

அதைவிட ஆழமான சிக்கல், 'அ'-வில் இருக்கும் அந்த 6,000 பேர். வசதியான பகுதியின் நடுவில் சிக்கிய ஏழைக் குடியிருப்பு, சராசரியில் கரைந்துவிடும். பகுதி முழுவதற்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால், அ பகுதிக்கு வந்த 21 அலகும் ஏற்கெனவே வடிகால் உள்ள தெருக்களின் பழுதுபார்ப்புக்கே போக வாய்ப்பு அதிகம். எனவே கணக்கு அலகு வார்டாக இருக்கக் கூடாது. 200 முதல் 500 வீடுகள் கொண்ட சிறு வட்டமாக இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில், "இந்த வேலைக்கான பணம் முதலில் வசதியே இல்லாத வீடுகளுக்கு, பிறகுதான் பழுதுக்கு" என்ற வரிசை விதியாவது வேண்டும். பாரிஸ் வேறு வழி எடுத்தது: 2016-லிருந்து ஆண்டுத் தொகை 10 கோடி யூரோவில் 3 கோடியை உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளுக்கென்று தனியே வைத்தது. எளிய வழி, விளக்கவும் சுலபம். எல்லையை யார் வரைகிறார்கள் என்பதில் மட்டும் கண் வைக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

சூத்திரம் எவ்வளவு நல்லதானாலும் அதில் போடும் எண் தப்பாக இருந்தால் விடையும் தப்புதான். அரசுப் பதிவேட்டில் இல்லாதவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்: வாடகை ஒப்பந்தம் இல்லாத குடித்தனக்காரர்கள், ஆக்கிரமிப்பு என்று முத்திரை குத்தப்பட்ட குடியிருப்புகள், தெருவில் தூங்குகிறவர்கள், பருவ வேலைக்கு வந்துபோகிறவர்கள், காப்பகங்களில் இருப்பவர்கள், வேலை கொடுத்தவர் வீட்டிலேயே தங்கும் பணிப்பெண்கள்.

மும்பையில் நடைபாதையில் வாழ்ந்தவர்களை வெளியேற்றும் அச்சுறுத்தல் இருந்த 1985-ஆம் ஆண்டில், ஸ்பார்க் என்ற அமைப்பு அந்த மக்களோடு சேர்ந்தே அவர்களைக் கணக்கெடுத்தது. குடியிருப்பவர்களே தங்களை எண்ணி, அந்த எண்ணை வைத்து அரசோடு பேசுவது என்ற முறை பிறகு பல நாடுகளின் குடிசைவாசிகள் கூட்டமைப்புகளுக்கும் பரவியது. செய்முறை கடினமில்லை. அந்தப் பகுதி ஆட்களே, அதிலும் பெண்கள், இரண்டிரண்டு பேராகத் தெருத் தெருவாக நடந்து கைவரைபடம் போட வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் சாக்பீஸில் எண். ஒரு கதவுக்குள் எத்தனை அடுப்பு என்று கேட்க வேண்டும். ஓர் அடுப்பு ஒரு குடும்பம். குழாய், கழிப்பிடம், விளக்குக் கம்பம் எங்கே என்று குறிக்க வேண்டும். முடிந்ததும் பட்டியலைத் தெருவில் வைத்து உரக்கப் படிக்க வேண்டும். விடுபட்டவர் அப்போதுதான் "எங்களை விட்டுட்டீங்க" என்று கை தூக்குவார். இந்த உரக்கப் படிக்கும் வேலையை விட்டுவிட்டால், பக்கத்துச் சந்தில் இருக்கும் இன்னும் பலவீனமானவர்கள் மறுபடி விடுபடுவார்கள். விளிம்புக்குள்ளும் விளிம்பு உண்டு.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பட்டியல் தவறான கைக்குப் போனால் வெளியேற்றத்துக்கும் கைதுக்கும் அதுவே உதவும். அடையாள அட்டை எண், குடியுரிமை நிலை, பூர்விகம் எதையும் எழுத வேண்டாம். பெயர் உள்ள பிரதி அந்தக் குடியிருப்பின் குழுவிடமே இருக்கட்டும். அலுவலகத்துக்குப் போக வேண்டியது தொகை மட்டுமே: இத்தனை குடும்பம், இத்தனை குழாய், இத்தனை கழிப்பிடம்.

கூட்டம் எப்படி நடக்க வேண்டும்

ஒரே பொதுக்கூட்டத்தில் எல்லோரையும் உட்கார வைத்தால் ஏன் சிலர் பேசுவதில்லை? கூச்சம் என்று சொல்வது சோம்பேறி விடை. வீட்டுக்காரர், முதலாளி, கடன் கொடுத்தவர், ரேஷனில் பெயரைச் சேர்க்கும் அதிகாரி எல்லோரும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதில்லை" என்று சொல்வதற்கு ஒரு விலை உண்டு. அதனால் முதலில் தனிக் கூட்டங்கள்: பெண்கள் மட்டும், மாற்றுத்திறனாளிகள் மட்டும், ஒடுக்கப்பட்ட சாதி அல்லது இனத்தவர் மட்டும், பதின்வயதினர் மட்டும். அங்கே கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, யார் பேசுவது என்று தேர்ந்தெடுத்து, பிறகுதான் பொதுக்கூட்டம். பொதுக்கூட்டத்தில் அவர்களது பட்டியல் முதலில் படிக்கப்பட வேண்டும். இதைப் பிரிவினை என்று குறை சொல்பவர்கள் உண்டு. முன்கூட்டம் போட்டுத் தயாராகி வருவது வசதி படைத்தவர்கள் எப்போதும் செய்வதுதான். மற்றவர்களுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதே கோரிக்கை.

மேசைக்கு எட்டுப் பேர், ஒரு நெறியாளர், ஒரு குறிப்பெடுப்பவர். எல்லோரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. பதினாறு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். முதல் சுற்று முடியும்வரை அதிகாரிகள் மேசையில் உட்காரக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. அதிகாரி ஒரு முறை "அதெல்லாம் சாத்தியமில்லை" என்று சொல்லிவிட்டால் அடுத்து பேச இருந்த மூன்று பேர் வாயை மூடிக்கொள்வார்கள். குறிப்பெடுப்பவர் எழுதியதை அந்த மேசைக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னவரின் சொல்லிலேயே எழுத வேண்டும்: "இரவில் கழிப்பிடம் போகப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னதை "சுகாதார வசதி மேம்பாடு" என்று எழுதினால், அடுத்த கட்டத்தில் அது பகல் நேரத் துப்புரவுத் திட்டமாக மாறி நிற்கும். அவர் கேட்டது விளக்கும் தாழ்ப்பாளும்.

வருகைக்கான செலவை ஏற்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒரு மாலை கூட்டம் என்பது அரை நாள் கூலி. அதை அன்றே கையில் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து வங்கியில் ஏற்றுகிறோம் என்பது கொடுக்காததற்குச் சமம். சில நாடுகளில் இப்படிக் கொடுக்கும் தொகை வருமானமாகக் கணக்காகி அவர்களுக்கு வரும் உதவித்தொகை குறைந்துவிடும். அங்கே பயணச் செலவு, குழந்தைப் பராமரிப்புச் செலவு என்ற வகையில் கொடுப்பது பாதுகாப்பு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் ஓர் அறை வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இருவர் வேண்டும். ஒருவரே இரண்டு மணி நேரம் செய்ய முடியாது, ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வார்கள். சாய்தளம் வாசலில் இருந்து, கழிப்பறை படியேறி இருந்தால் அந்த இடம் உதவாது. மேடை இருந்தால் மேடைக்கும் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பேசவும்தானே வருகிறார். தாள்களை இரண்டு வாரம் முன்பே, பெரிய எழுத்திலும் ஒலிப்பதிவாகவும் அனுப்ப வேண்டும்.

பேராளர் ஒதுக்கீட்டில் ஒரு சமூகத்துக்கு ஒரே இடம் கொடுப்பது ஏறக்குறைய வீண். தனி ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார், ஒரு நாள் வரவில்லையென்றால் குரலே இல்லை, அவரைச் சரிக்கட்டுவதும் சுலபம். குறைந்தது மூன்று பேர், மாற்று ஆட்களோடு. அவர்களை அந்த மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும்; அதிகாரிக்குப் பழக்கமான தொண்டு நிறுவனத்தின் ஊழியரை நியமிப்பது தேர்வாகாது. பெண்களுக்கான இடத்தில் கணவர் வந்து உட்காரும் பினாமி வழக்கத்துக்கு ஒரே மருந்து, பேராளர் நேரில் இல்லாத கூட்டத்தில் அவர் இடம் காலியாகவே இருக்கும் என்ற விதி. அதற்காக இட ஒதுக்கீடு வேலைக்காகாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மேற்கு வங்க, ராஜஸ்தான் ஊராட்சிகளை ஆய்வாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்ளோவும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: ஊராட்சித் தலைமையில் பெண் இருந்த இடங்களில் குடிநீர் வேலைகளுக்குக் கூடுதல் முதலீடு போனது.

சல்லடையும் வாக்கும்

மக்கள் கேட்டவை அப்படியே வாக்குக்குப் போவதில்லை. நடுவே சாத்தியக்கூறு ஆய்வு என்ற சல்லடை உண்டு. ஏழைப் பகுதியின் கோரிக்கைகள் பெரும்பாலும் செத்துப்போவது இங்கேதான், அதுவும் சத்தமில்லாமல். கோப்பில் ஒரு வரி இருக்கும்: "நிலம் துறைக்குச் சொந்தமானதல்ல." குடியிருப்புக்கே பத்திரம் இல்லாதபோது அங்கே போடும் எந்தக் குழாய்க்கும் இந்த வரி பொருந்தும். ஆக, ஒரே வரியில் ஒரு முழு மக்கள் கூட்டமே பட்ஜெட்டுக்கு வெளியே நிற்கிறது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை. நிராகரிப்பு எழுத்தில், காரணத்தோடு, எந்த விதியின் எந்தப் பிரிவு என்று வர வேண்டும். வந்த நாளிலிருந்து 14 நாளாவது திருத்திக் கொடுக்க அவகாசம், அதற்கு உதவ ஒரு பொறியாளர். சல்லடைக் குழுவிலேயே மக்கள் பேராளர்கள் பாதிப் பேர். நில உரிமை தேவைப்படாத வேலைகளின் பட்டியலையும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது: பொதுச் சாலை ஓரத்தில் தெருக்குழாய், சாலையில் நடும் விளக்குக் கம்பம், நடமாடும் மருத்துவ வண்டி, எடுத்து மாற்றக்கூடிய கழிப்பறை. இவை நிரந்தரத் தீர்வுகள் அல்ல. ஆனால் பத்திரம் வரும்வரை தாகம் காத்திருக்காது.

வாக்குரிமையை வாக்காளர் பட்டியலோடு கட்ட வேண்டிய அவசியமில்லை. நியூயார்க் நகரில் 2011-இல் நான்கு மாநகராட்சித் தொகுதிகளில் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட்டில் குடியுரிமை இல்லாதவர்களும் வாக்களிக்கலாம். குறைந்தபட்ச வயது பிறகு 11 வரை இறங்கியது. இணைய வாக்கு மட்டும் வைத்தால் முதியவர்களும் ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களும் விடுபட்டுப் போய்விடுவார்கள். பேருந்து நிலையம், மருத்துவமனை, வேலைக்கு ஆள் எடுக்கும் முனை, பள்ளி வாசல் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாக்குச்சீட்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு படம், செலவு, இடம்.

பிறகு எண்ணும் முறை. அதிக வாக்கு பெற்றது முதலில் என்ற வழக்கமான முறையில் சிறுபான்மை முழுவதுமாகத் தோற்கலாம். ஆயிரம் பேர், 100 அலகு பணம், ஒவ்வொரு திட்டமும் 20 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 பேர் தங்கள் பகுதியின் ஐந்து திட்டங்களுக்கும், 400 பேர் தங்கள் பகுதியின் இரண்டு திட்டங்களுக்கும் போடுகிறார்கள். ஐந்து திட்டங்களும் 600 வாக்கோடு மேலே வந்து பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நாற்பது சதவீதம் பேருக்குப் பூஜ்யம். சமபங்கு முறையில் கணக்கு வேறு: ஒவ்வொரு வாக்காளருக்கும் 0.1 அலகு சொந்தம். ஒரு திட்டத்தின் ஆதரவாளர்கள் தங்கள் பங்கைச் சேர்த்து அதன் செலவை ஈடுகட்ட முடிந்தால் அது நிறைவேறும். 600 பேரிடம் 60 அலகு, மூன்று திட்டம். 400 பேரிடம் 40 அலகு, இரண்டு திட்டம். போலந்தின் வியலிச்கா நகரமும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் 2023-இல் இந்த முறையைப் பயன்படுத்தின. ஆனால் இதுவும் வாக்குப் போட வந்தவர்களுக்குத்தான் பங்கு தரும். அந்த 400 பேரில் 100 பேர்தான் வர முடிந்தது என்றால் மொத்த வாக்கு 700, அவர்கள் கையில் இருப்பது 14 அலகு. 20 அலகு திட்டம் ஒன்றுகூட நிறைவேறாது. எனவே சூத்திர ஒதுக்கீட்டை விட்டுவிட்டு வாக்கு முறையை மட்டும் சீர்செய்வது போதாது.

வாக்கெடுப்புக்குப் பிறகு

வென்ற திட்டங்கள் டெண்டருக்குப் போகும், அத்தோடு மக்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காணாமல் போவது அப்போதுதான். எஸ்டிமேட்டில் இருந்த 300 மீட்டர் குழாய் வேலை உத்தரவில் 220 ஆகும். குறைக்கப்படும் 80 மீட்டர் எப்போதும் கடைசிச் சந்துதான்; அங்கே தட்டிக் கேட்பவர் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும்.

ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணையில் செய்தது எளிமையானது: வேலை ஆவணங்களை ஊர் மத்தியில் உரக்கப் படித்தார்கள். காகிதத்தில் முடிந்ததாக இருந்த வேலையும் கூலிப் பட்டியலில் இருந்த பெயர்களும் உண்மையா என்று அங்கே நின்றவர்களே சொன்னார்கள். எழுத்தறிவு இல்லாதவரும் தணிக்கை செய்யக்கூடிய முறை இது. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட கண்காணிப்புக் குழு அமைத்து, அவர்கள் கையில் நான்கு தாள்கள் கொடுங்கள்: எஸ்டிமேட், வேலை உத்தரவு, முடிந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் எழுதும் அளவைப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரரின் பில் தொகை. முதல் தாளிலும் மூன்றாம் தாளிலும் உள்ள நீளம், ஆழம், விட்டம் பொருந்துகிறதா என்று டேப் பிடித்து அளக்கக் கற்றுக்கொடுக்க ஒரு மதியம் போதும். குழியை மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். மூடிய பிறகு ஆழத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. கடைசித் தவணை குழுவின் கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் ஒப்பந்ததாரர் தானே வந்து அளந்து காட்டுவார். மிரட்டல் வரக்கூடிய இடங்களில் ஒருவர் பெயரில் கையெழுத்து வாங்காமல் குழுத் தீர்மானமாக வாங்குங்கள்.

செலவாகாத தொகை பொதுக் கணக்குக்குத் திரும்பக் கூடாது; அதே பகுதியின் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் ஏழைப் பகுதிக்கு ஒதுக்கி, தாமதம் செய்து, மார்ச்சிலோ டிசம்பரிலோ ஆண்டு முடிவில் எடுத்துக்கொள்வது சட்டப்படியே நடக்கும்.

சட்டம் போட்டால் தீருமா என்ற கேள்வி அடிக்கடி வரும். பெரு 2003-இல் நாடு முழுவதும் பங்கேற்பு பட்ஜெட்டைச் சட்டமாக்கியது. தென் கொரியா 2011-இல் உள்ளாட்சிகளுக்குக் கட்டாயமாக்கியது. சட்டம் கூட்டத்தை நடத்த வைக்கும். கூட்டத்தில் யார் பேராளர், எடை எவ்வளவு என்பதை அது சொல்லாவிட்டால், பதிவு பெற்ற, அலுவலகம் உள்ள அமைப்புகளே நாற்காலிகளை நிரப்பும். மறுபக்கம், சட்டத்தில் ஏறாத வழக்கம் ஆட்சி மாறினால் போய்விடும்: போர்ட்டோ அலெக்ரேயே 2017-இல் தன் பங்கேற்பு பட்ஜெட்டை நிறுத்தி வைத்தது. அதனால் விதியில் ஏற்ற வேண்டியவற்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்: குறைந்தபட்சத் தொகையின் சதவீதம், பங்கீட்டுச் சூத்திரம், எடைகளை மாற்றும் அதிகாரம் யாருக்கு, எழுத்து மூலமான நிராகரிப்பு, செலவாகாத பணம் போகும் இடம். கூட்டம் எத்தனை, மேசைக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மக்கள் பேராளர்கள் மாற்றிக்கொள்ளட்டும். அதைச் சட்டத்தில் பூட்டினால் சடங்காகிவிடும்.

ஆண்டு இறுதியில் ஓர் அட்டவணை வெளியிடுங்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஐந்து எண்கள்: ஊரில் எத்தனை சதவீதம், கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை, முன்மொழிவுகளில் எத்தனை, வென்றவற்றில் எத்தனை, உண்மையில் செலவான பணத்தில் எத்தனை. எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் சதவீதம் விழுகிறதோ, அடுத்த ஆண்டு வேலை அங்கே. வருகை சரியாக இருந்து முன்மொழிவு குறைந்தால் கோளாறு மேசையில். முன்மொழிவு இருந்து வெற்றி குறைந்தால் சல்லடையிலோ எண்ணும் முறையிலோ. வென்றும் பணம் போகவில்லையென்றால் டெண்டர் கோப்பைத் திறந்து, கடைசிச் சந்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.